வீட்டு மின்சாரத்துக்கு ஒரு நோட்டுக் கணக்கு

மொட்டை மாடியில் சோலார் போடலாமா, போட்டால் எத்தனை கிலோவாட், பழைய ஃபேன்களை மாற்றினால் காசு திரும்புமா, கேஸை விட்டு இண்டக்‌ஷனுக்குப் போகலாமா? பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை கண்டுபிடித்துவிடலாம். தேவைப்படுவது ஒரு நோட்டு, செல்போன் கால்குலேட்டர், கடைசி ஆறு கரண்ட் பில். விற்பவர் வீட்டுக்கு வரும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டு வைத்துவிடுங்கள். அவர் வந்து உட்கார்ந்த பிறகு போட்டால், அவர் சொல்லும் எண்களைத்தான் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

வாட் வேறு, யூனிட் வேறு

குழாயில் தண்ணீர் விழும் வேகம் போன்றது வாட். குடத்தில் சேர்ந்த தண்ணீர் போன்றது யூனிட். 1,000 வாட், அதாவது 1 கிலோவாட், ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். ஆகவே வாட்டை மணியால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வீட்டில் தவறான பொருளைச் சந்தேகப்படுகிறோம். 2,000 வாட் கீசரைப் பார்த்தால் பயமாக இருக்கும். 75 வாட் ஃபேன் சாதுவாகத் தெரியும். கீசர் பத்து நிமிடம் ஓடினால் 0.33 யூனிட். ஃபேன் பன்னிரண்டு மணி நேரம் சுற்றினால் 0.9 யூனிட். அதுவும் வீட்டில் ஒரு ஃபேனோடு நிற்பதில்லை.

மீட்டரையே அளவுகோலாக்குங்கள்

தனியாக எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். மின்சார வாரியத்தின் டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பதை மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். பல வீட்டு மீட்டர்களில் அது 3,200. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சோதிக்க வேண்டிய ஒன்றை மட்டும் போடுங்கள். பத்து மினுக்கலுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பாருங்கள். முதல் மினுக்கலைச் சுழியம் என்று எண்ணத் தொடங்குங்கள். ஒன்று என்று தொடங்கினால் ஒன்பது இடைவெளிதான் அளந்திருப்பீர்கள், விடை பத்து சதவீதத்துக்கு மேல் தவறும்.

36,00,000-ஐ மினுக்கல் எண்ணிக்கையால் பெருக்கி, மீட்டரில் உள்ள எண்ணாலும் வினாடியாலும் வகுக்க வேண்டும். பத்து மினுக்கலுக்கு 25 வினாடி என்றால், 3,60,00,000 ÷ (3,200 × 25) = 450 வாட்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு மினுக்கினால் அதையும் அளந்து எழுதுங்கள். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் அணைத்தாலும் இழுத்துக்கொண்டே இருக்கும்; வைஃபை ரவுட்டரும் இன்வெர்ட்டரும் அப்படித்தான். 20 வாட் என்றாலும் 24 மணி நேரத்தில் 0.48 யூனிட், 60 நாளில் 29 யூனிட். பிளக்குகளையெல்லாம் பிடுங்கிய பிறகும் மினுக்கல் நிற்கவில்லையென்றால் வயரிங்கில் கசிவு இருக்கலாம். அதை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபிரிட்ஜையும் ஏசியையும் ஒரு நிமிடம் அளந்தால் போதாது. கம்ப்ரசர் ஓடும், நிற்கும். ஃபிரிட்ஜுக்கு ஒரு முழு நாளின் ரீடிங் வேண்டும். இல்லையென்றால் நட்சத்திர லேபிளில் உள்ள ஆண்டு யூனிட்டை 365-ஆல் வகுங்கள். ஏசி லேபிளில் உள்ள ஆண்டு யூனிட், 1,600 மணி நேரத்துக்கானது. 1,600-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் செலவு கிடைக்கும். சித்திரை, வைகாசியில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும்.

ஒரு வீட்டின் கணக்கு

தமிழ்நாட்டில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் எல்லாவற்றையும் 60 நாளுக்கு எழுதுவது வசதி. நான்கு பழைய ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட், தினம் 12 மணி நேரம்: 216 யூனிட். 1 டன் ஏசி, சராசரி 700 வாட், இரவில் 4 மணி நேரம்: 168. ஃபிரிட்ஜ்: 60. விளக்குகள் எல்லாம் எல்இடி: 35. தண்ணீர் மோட்டார்: 33. டிவி: 29. செட்டாப் பாக்ஸும் ரவுட்டரும்: 29. மிக்சி, கிரைண்டருக்கு 12, வாஷிங் மெஷினுக்கு 12. கூட்டினால் 594.

மீட்டர் ஏறக்குறைய 600 காட்டினால் உங்கள் நோட்டு சரி. பத்து சதவீதத்துக்கு மேல் இடித்தால் எதையோ விட்டுவிட்டீர்கள். பெரும்பாலும் விடுபடுவது மோட்டார். பிளேட்டில் 1 எச்பி என்று போட்டிருப்பதை 746 வாட் என்று எழுதிவிடுவார்கள். அது மோட்டாரின் தண்டில் கிடைப்பது. மீட்டரிலிருந்து அது இழுப்பது 1,000 முதல் 1,100 வாட் வரை வரும்.

501-வது யூனிட்டின் விலை

இனி பணக் கணக்கு. கீழே உள்ளவை 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டு வீதங்கள். அதன் பிறகு வீதங்கள் கூடியிருப்பதால் உங்கள் கணக்கில் இன்றைய வீதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். போடும் முறை மாறாது.

மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6. ஆக 500 யூனிட்டுக்கு 225 + 900 + 600 = 1,725 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அட்டவணையே மாறிவிடும்: 101-லிருந்தே 4.50 ரூபாய், 501 முதல் 600 வரை 8 ரூபாய். ஆக 501 யூனிட்டுக்கு 1,350 + 600 + 8 = 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 600 யூனிட்டுக்கு 2,750.

‘எங்கள் வீட்டில் யூனிட் சராசரியாக நாலரை ரூபாய்’ என்று எண்ணிச் சேமிப்பைக் கணக்கிடுவது இதனால்தான் தப்பு. நீங்கள் குறைக்கும் யூனிட் அடியிலிருந்து குறைவதில்லை, உச்சியிலிருந்து குறைகிறது. இரண்டு பில்லையும் தனித்தனியாகப் போட்டுக் கழித்துப் பார்ப்பதுதான் சரியான வழி.

மேலே சொன்ன வீட்டில் நான்கு ஃபேனையும் 30 வாட் பிஎல்டிசி (குறைவாக மின்சாரம் இழுக்கும் மோட்டார் உள்ள) ஃபேனாக மாற்றினால் 216 யூனிட் 86 ஆகும். 130 யூனிட் மிச்சம். 600 யூனிட் 470 ஆகிறது; பில் 225 + 900 + 420 = 1,545. ஒரு பில்லுக்கு 1,205 ரூபாய் குறைகிறது. ஃபேன் ஒன்று 2,800 ரூபாய் என்றால் நான்குக்கு 11,200. ஒன்பது, பத்து பில்லில் போட்ட பணம் திரும்பிவிடும். இதே மாற்றத்தை 300 யூனிட் வீட்டில் செய்தால் பில் 675-லிருந்து 157.50-க்கு இறங்கும், மிச்சம் 517 ரூபாய்தான், பணம் திரும்ப மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். பொருளும் யூனிட்டும் ஒன்றே. வித்தியாசம், எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதில்.

ஏசியில் காசு போடாமலே ஒரு சேமிப்பு உண்டு. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீதம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 20-லிருந்து 24-க்கு வந்தால் கால்வாசிக்குச் சற்றுக் குறைவு.

சூடு: 860 என்ற எண்

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரி. இந்த இரண்டு வரி போதும்.

20 லிட்டர் வாளித் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குக் கொண்டுவர 20 × 15 = 300 கிலோகலோரி, அதாவது 0.35 யூனிட். நான்கு பேர் தினமும் குளித்தால் 1.4 யூனிட், 60 நாளில் 84. 25 லிட்டர் கீசரை 60 டிகிரிக்கு வைத்துவிட்டு ஒருவர் மட்டும் கை கால் கழுவினால், 25 × 33 = 825 கிலோகலோரி, கிட்டத்தட்ட ஒரு முழு யூனிட் வீண். தெர்மோஸ்டாட்டை 45-க்கு இறக்குவதும், வேண்டிய அளவுக்கு ஏற்ற சின்ன கீசர் வாங்குவதும் நல்லது. 100 லிட்டர் சோலார் ஹீட்டர் தண்ணீரை 30 டிகிரி உயர்த்தினால் 3,000 கிலோகலோரி, மூன்றரை யூனிட்டுக்குச் சமம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இது மிக நல்ல முதலீடு. ஆண்டில் இரண்டு மாதம் மட்டும் வெந்நீரில் குளிக்கும் வீட்டில் அவ்வளவு இல்லை.

சமையலுக்கும் இதே கணக்கு. 14.2 கிலோ சிலிண்டரில் அடங்கியிருக்கும் எரிசக்தி ஏறக்குறைய 180 யூனிட். அடுப்பில் அதில் 65 சதவீதம் பாத்திரத்துக்குப் போகிறது என்று வைத்தால் 117 யூனிட் பயனாகிறது. இண்டக்‌ஷனில் 85 சதவீதம் போகும். 117 ÷ 0.85 = 138 யூனிட் மின்சாரம் ஒரு சிலிண்டரின் வேலையைச் செய்யும். சிலிண்டர் விலையை 138-ஆல் வகுங்கள். உங்கள் உச்சிப் படி வீதம் அதைவிடக் குறைவாக இருந்தால் இண்டக்‌ஷன் மலிவு. ஆனால் அந்த 138 யூனிட் உங்களை 500-க்கு மேலே தள்ளினால் கணக்கு தலைகீழாகிவிடும், கவனம்.

தண்ணீர் ஏற்றும் செலவு

1,000 லிட்டரை 10 மீட்டர் உயரம் தூக்க இயற்கை கேட்பது 1,000 × 9.8 × 10 = 98,000 ஜூல்தான். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். ஆக வெறும் 0.027 யூனிட்! சின்ன வீட்டு மோட்டாரில், இழுக்கும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரைத் தூக்கத் தேறினாலே நல்லது. அப்படிப் பார்த்தால் 0.14 யூனிட். டேங்க் நிரப்பும் முன்னும் பின்னும் ரீடிங் எடுங்கள். 1,000 லிட்டருக்கு 0.4, 0.5 என்று போனால் உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வில் காற்று இழுக்கிறதா, குழாய் குறுகலா, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்துவிட்டதா என்று பாருங்கள். போர்வெல்லில் 40 மீட்டர் ஆழத்திலிருந்து எடுப்பவர்களுக்கு எல்லாம் நான்கு மடங்கு. டேங்க் வழிந்து ஓடுவது தண்ணீர் வீணாவது மட்டுமில்லை.

இப்போது சோலார்

தமிழ்நாட்டில் ஒரு நாளில் விழும் வெயிலைத் திரட்டினால், முழு வீச்சு வெயில் 5 மணி நேரத்துக்குச் சற்று மேல் அடித்ததற்குச் சமம். 5.2 என்று வைப்போம். 1 கிலோவாட் பேனல் 5.2 யூனிட் தர வேண்டும், தராது. பேனல் 65 டிகிரிக்குச் சூடேறும். 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும் என்பதால் உச்சி வெயிலில் 14 சதவீதம் போகும், நாள் சராசரி 10. தூசியில் 5, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரில் 3, வயரில் 2. இழப்புகளைக் கூட்டாமல் மிஞ்சுவதைப் பெருக்க வேண்டும்: 0.90 × 0.95 × 0.97 × 0.98 = 0.81. ஆக 5.2 × 0.81 = 4.2. திட்டமிட 4 யூனிட் என்று வைத்துக்கொள்வது நிதானம். 1 கிலோவாட்டுக்கு நாளுக்கு 6 யூனிட் என்று யாராவது சொன்னால், மேலே உள்ள எந்த இழப்பை அவர் விட்டார் என்று கேளுங்கள்.

எத்தனை கிலோவாட் வேண்டும்? பில்லை முழுதாக வகுக்காதீர்கள். ஃபேன் மாற்றிய பிறகு 470 யூனிட். முதல் 100 எப்படியும் இலவசம். சோலார் ஈடுகட்ட வேண்டியது 370. 370 ÷ 60 ÷ 4 = 1.54 கிலோவாட். 540 வாட் பேனல் மூன்று, 1.62 கிலோவாட்: இரண்டு மாதத்தில் 389 யூனிட். வாரியத்திடம் எடுத்த யூனிட்டிலிருந்து வாரியத்துக்குக் கொடுத்ததைக் கழிக்கும் நெட் மீட்டரில் 81 மிஞ்சும், 100-க்குள் அடங்கிவிடும். இதே வீட்டுக்கு 3 கிலோவாட் விற்கப்படுவதைப் பரவலாகப் பார்க்கலாம். 3 கிலோவாட் தருவது 720 யூனிட். வீட்டுக்குத் தேவைப்படுவது 470. அடுத்து ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்கான யூனிட்டை நோட்டில் சேர்த்துவிட்டு, பிறகு பெரிதாகப் போடுங்கள். சும்மா பெரிதாகப் போடாதீர்கள்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, அதிகபட்சம் 78,000 மானியம். மானியம் போக உங்களுக்கு 55,000 ஆகிறது, பில் 1,545 மிச்சமாகிறது என்றால் ஆண்டுக்கு 9,270. ஆறு ஆண்டில் பணம் திரும்பும். நெட்வொர்க் கட்டணம் என்று பில்லில் தனி வரி வந்தால் அதை மிச்சத்திலிருந்து கழியுங்கள். பேனல் 25 ஆண்டு உழைக்கும், இன்வெர்ட்டர் அவ்வளவு உழைக்காது. நடுவில் ஒருமுறை மாற்றும் செலவையும் எழுதுங்கள்.

எதை முதலில் செய்கிறோமோ அதற்கே விலை உயர்ந்த யூனிட்டுகள் கிடைக்கும் என்பதால், ஃபேனையும் சோலாரையும் ரூபாய் மிச்சத்தில் ஒப்பிடுவது நியாயமில்லை. பில்லில் ஒரு யூனிட் குறைக்க எவ்வளவு பணம் போடுகிறோம் என்று பாருங்கள். ஃபேனுக்கு 11,200 ÷ 130 = 86 ரூபாய். சோலாருக்கு 55,000 ÷ 389 = 141 ரூபாய், அதுவும் மானியத்தோடு. ஃபேன் முதலில், பேனல் பிறகு.

நிழல்

மற்ற தவறுகளை மன்னிக்கலாம், நிழலை மன்னிக்க முடியாது. பேனல்கள் தொடராக இணைக்கப்படுகின்றன. ஒன்றின் ஒரு மூலையில் விழும் நிழல் அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பகுதியை முடக்கலாம், சில நேரம் வரிசை முழுவதையும் இழுக்கும். நம் ஊரில் குற்றவாளி மாடிப்படி அறையும் அதன் மேல் உள்ள டேங்கும்தான். சென்னையில் டிசம்பர் உச்சிப்பொழுதில் சூரியன் தெற்கே சரிந்து 53 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். 2 மீட்டர் உயரப் பொருளின் நிழல் வடக்கே 1.5 மீட்டர் நீளும். காலை 9 மணிக்கு வடமேற்கே 3 மீட்டருக்கு மேல். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும். ஆகவே மே மாதத்தில் வந்து ‘இங்கே நிழலே இல்லை’ என்று இடம் குறித்துவிட்டுப் போவதை ஏற்காதீர்கள். பேனல் தெற்கு நோக்கி, ஊரின் அட்சரேகை அளவு சாய்வாக இருக்கட்டும்: சென்னையில் 13 டிகிரி, மதுரையில் 10. 1 கிலோவாட்டுக்கு நடைபாதையோடு சேர்த்து 100 சதுர அடி ஒதுக்குங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: நெட் மீட்டர் சோலார், கரண்ட் போனால் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர்மேல் மின்சாரம் பாயாமல் இருக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். கரண்ட் போனாலும் எரிய வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும்.

பேட்டரிக்கும் ஒரு பெருக்கல்தான். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி: 1,800 வாட்-மணி. ஈய-அமிலப் பேட்டரியை 60 சதவீதத்துக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். இன்வெர்ட்டரில் 15 சதவீதம் போகும். 1,800 × 0.6 × 0.85 = 918. ஒரு யூனிட்டுக்கும் குறைவு. மூன்று பிஎல்டிசி ஃபேனும் நான்கு எல்இடியும் 126 வாட். ஏழு மணி நேரம் ஓடும். பழைய ஃபேன்களாக இருந்தால் 261 வாட், மூன்றரை மணி நேரம். பேட்டரியில் எழுதியிருக்கும் 150, இருபது மணி நேரம் மெதுவாக இறக்கினால் மட்டுமே கிடைக்கும் அளவு. ஒரேயடியாக அதிக வாட் இழுத்தால் அதுவும் சுருங்கும்.

காற்றும் சாணமும்

மாடியில் சின்னக் காற்றாலை வைக்க ஆசைப்படுபவர்கள் முதலில் இதைப் பெருக்கிப் பாருங்கள். காற்றின் சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்: 0.5 × 1.2 × விசிறி வீசும் பரப்பு × வேகம் × வேகம் × வேகம். 2 மீட்டர் விட்ட விசிறிக்குப் பரப்பு 3.14 சதுர மீட்டர். நகரத்து மாடியில் வினாடிக்கு 3 மீட்டர் காற்று என்றால் 51 வாட். அதில் கால் பங்கு கிடைத்தால் 13 வாட். ஒரு எல்இடி பல்பு எரியும். கணவாய் வழியே காற்று பாய்ந்து வரும் முப்பந்தலில் 10 மீட்டர் வேகம் என்றால் அதே விசிறியில் 1,884 வாட் பாய்கிறது. காற்றாலைகள் ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும் குவிந்திருப்பதற்கு இந்த மும்மடிதான் காரணம். வீட்டுக்குக் காற்றாலை வேண்டாம்.

மாடு இருக்கும் வீட்டில் சாண எரிவாயு நல்ல கணக்கு. 25 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர், கரைத்து ஊற்றினால் ஏறக்குறைய 1 கனமீட்டர் வாயு, அது 0.45 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். மாடு ஒன்றுக்கு நாளுக்கு 10 கிலோ என்றால் ஐந்து மாட்டுக்கு 50 கிலோ, 2 கனமீட்டர், 0.9 கிலோ கேஸ். 14.2 ÷ 0.9: பதினாறு நாளுக்கு ஒரு சிலிண்டர். மாடு பகலில் மேய்ச்சலுக்குப் போனால் சாணத்தில் பாதி காட்டில் கிடக்கும். தொழுவத்தில் விழுவதை மட்டும் ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்துவிட்டுத் தொட்டி கட்டுங்கள். பெரிய தொட்டிக்குக் குறைந்த சாணம் ஊற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

போட்ட பிறகு

மாதம் ஒருமுறை இன்வெர்ட்டர் திரையில் உள்ள மொத்த யூனிட்டை எழுதி, போன மாத எண்ணைக் கழித்து, நாளாலும் கிலோவாட்டாலும் வகுங்கள். 1.62 கிலோவாட், 30 நாளில் 194 யூனிட் என்றால் 3.99. நவம்பர், டிசம்பர் மழையில் 3-க்குப் பக்கம் இறங்கினால் கவலைப்பட வேண்டாம். பங்குனியில் 3 என்றால் தூசி. காலை ஆறு மணிக்குள், பேனல் குளிர்ந்திருக்கும்போது வெறும் தண்ணீரால் கழுவுங்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றினால் விரிசல் விழலாம்; உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் படியும். கழுவியும் ஏறவில்லையென்றால் பக்கத்து வீட்டில் புதிதாக எழும்பிய சுவரைப் பாருங்கள். நிழலும் இல்லை, தூசியும் இல்லை, ஆனால் வெயில் உள்ள நேரத்திலேயே இன்வெர்ட்டர் விட்டுவிட்டு நிற்கிறது என்றால் தெருவில் வோல்டேஜ் கூடியிருக்கலாம். அது நிற்கும் நேரத்தில் திரையில் தெரியும் வோல்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.